ஆறடி மூணு அங்குலமும் ஒரு விண்ட்ஷீல்டும்

போன பதிவில் ஜிஎஸ்டி பற்றி எழுதிக் கொன்றதற்கு மன்னிக்கவும். வகுப்பிலும் அதே, இங்கேயும் அதேவா என்று ரெண்டு பேர் நேரிலேயே கேட்டுவிட்டார்கள். அதனால் இந்த முறை வண்டி. கடைசியில் கொஞ்சம் காமர்ஸ் வரும், பொறுத்துக் கொள்ளவும்.

போன வருஷம் ஆடி மாசம், எங்க ஊர் அம்மன் கோவில் கொடைக்கு வண்டியிலேயே போனேன். கோயம்புத்தூரில் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, கோவில்பட்டி வழியாக நெல்லைப் பக்கம் எங்க கிராமம். 350 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் டீ, இட்லி, மறுபடியும் டீ எல்லாம் சேர்த்து மதியம் ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருந்தார். அவர் முப்பது வருஷம் மில்லில் தறி ஓட்டியவர். காது சுத்தமாகப் போய்விட்டது.

"சாப்ட்டியாலே?"

"என்ன தாத்தா?"

"எப்பலே கெளம்புன?"

"என்னது?"

உள்ளே இருந்து அம்மா வந்தார். "ஏல, அவருக்குத்தான் காது கேக்காது. ஒனக்கென்ன கேடு? ரெண்டு பேரும் பேசுற அழகப் பாரு!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஹெல்மெட்டைக் கழட்டி அரை மணி நேரம் ஆகியிருந்தது. காதுக்குள் 'கொய்ங்...' என்று ஒரு சத்தம் நிற்கவே இல்லை. ராத்திரி கொடை மேளம் முடிந்து படுத்த பிறகும் அந்தக் கொய்ங் இருந்தது. அப்போது சிரிப்பு வரவில்லை.

அந்தக் கொய்ங்கைக் காசு கொடுத்து வாங்கினவன் நான்தான். 3,700 ரூபாய். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

என் உயரம் ஆறடி மூணு அங்குலம், அதாவது 190 சென்டிமீட்டர். வகுப்பில் கடைசி பெஞ்ச் எனக்கு நிரந்தரம். டவுன் பஸ்ஸில் கழுத்தைச் சாய்த்துத்தான் நிற்க வேண்டும். நம்ம நாட்டில் ஒரு ஆணின் சராசரி உயரம் 165 சென்டிமீட்டர் சுற்றுவட்டாரம். பைக் செய்பவர்களும் அந்த ஆளை மனசில் வைத்துத்தான் சீட்டு, ஹேண்டில்பார், முன்னால் இருக்கும் கண்ணாடி எல்லாவற்றையும் வைப்பார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் சராசரிக்குப் பக்கத்திலேயே 'திட்ட விலக்கம்' என்று ஒன்று படித்தோமே, அந்த விலக்கத்தில் நிற்கிற ஆள் நான். என்னை மாதிரி ஆட்கள்தான் அக்சஸரீஸ் கடைக்குச் சுலபமான இரை.

வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதன் பெயரும் கடையின் பெயரும் இங்கே வேண்டாம், குற்றம் அவர்கள் மேல் மட்டும் இல்லை. வண்டியோடு வந்த விண்ட்ஷீல்டு (கடையில் 'வைசர்' என்பார்கள்; ஹெல்மெட் கண்ணாடிக்கும் அதே பெயர் என்பதால் நான் ஷீல்டு என்றே சொல்கிறேன்) கொஞ்சம் குட்டையானது. நெடுஞ்சாலையில் 80ஐத் தாண்டினால் தோளிலும் கழுத்திலும் காற்று அடிக்கும். ஹெல்மெட்டில் ஒரு இரைச்சல் இருக்கும். தாங்க முடியாத அளவுக்கு எல்லாம் இல்லை. ஆனால் மனசு கேட்கவில்லை.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங் தம்பி, உங்க ஒசரத்துக்கு இந்தக் கண்ணாடி எந்த மூலைக்குங்க? பெருசாப் போட்டாத்தான் காத்து தலைக்கு மேல போகுமுங்க" என்றார். கேட்கச் சரியாகத்தானே இருக்கிறது? உயரமான ஆளுக்கு உயரமான ஷீல்டு. 2,800 ரூபாய்.

போட்டுக்கொண்டு நீலாம்பூர் பைபாஸில் ஒரு ஓட்டம் விட்டேன். நெஞ்சில் காற்றே இல்லை, சொர்க்கம். தலையில்? யாரோ ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்குகிற மாதிரி இருந்தது. இரைச்சல் முன்னைவிட ரெண்டு மடங்கு. திரும்பவும் கடைக்குப் போனேன். "அப்ப இன்னும் உசரம் பத்தலீங்க" என்று மேலே மாட்டுகிற ஒரு துண்டுக் கண்ணாடியைக் கொடுத்தார். 900 ரூபாய். மாட்டினேன். உலுக்கல் தாடையில் இருந்து நெற்றிக்கு ஏறியது, அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது ஒரே விஷயம். உயரமான ஆளுக்கு உயரமான ஷீல்டு என்பது பெரும்பாலும் தப்பான கணக்கு. ஷீல்டு நெஞ்சுக்கு. தலைக்கு அல்ல. நம்ம ரோட்டில், நம்ம வேகத்தில், உயரமான ஆட்கள் தலையைத் தெளிந்த காற்றில் விட்டுவிடுவதுதான் நல்லது.

ஏன் என்று சொல்கிறேன். நான் இயற்பியல் மாணவன் இல்லை, ஆனால் 3,700 ரூபாய் போனால் எவனும் படிப்பான்.

வண்டி ஓடும்போது முன்னால் இருந்து வருகிற காற்று நேராக, சீராக வருகிறது. ஷீல்டில் மோதியதும் அது மேலே ஏறுகிறது. ஷீல்டின் மேல் விளிம்பைத் தாண்டும் வரை ஒழுங்காகத்தான் போகும். விளிம்பைத் தாண்டினதும் சிக்கல். ஷீல்டுக்குப் பின்னால், நமக்கு முன்னால், காற்றழுத்தம் குறைவான ஒரு பள்ளம் உண்டாகிறது. மேலே போன காற்றில் ஒரு பகுதி அந்தப் பள்ளத்தை நிரப்பச் சுருண்டு விழுகிறது. பாலத்தூணுக்குப் பின்னால் ஆற்றுத் தண்ணீர் சுழிக்குமே, அதே மாதிரி. தூணுக்கு முன்னால் தண்ணீர் தெளிவு, பின்னால் கலங்கல். அந்தக் கலங்கின காற்று எங்கே வந்து மோதுகிறது என்பதுதான் எல்லாமே.

தோளுக்குக் கீழே மோதினால் பிரச்சனை இல்லை. உடம்பு கனமானது, ஜாக்கெட் இருக்கிறது, ஆடாது. தலைக்கு மேலே போய்விட்டாலும் பிரச்சனை இல்லை. தாடைக்கும் நெற்றிக்கும் நடுவில் மோதினால் போச்சு. ஹெல்மெட் ஒன்றரைக் கிலோ எடை, மெலிந்த கழுத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு உருண்டை. அது ஆடும், ஆடும்போது கண்ணும் ஆடும், ரோட்டில் உள்ள பள்ளம் ரெண்டாகத் தெரியும்.

சத்தமும் அங்கேதான் பிறக்கிறது. இங்கிலாந்தில் பாத் நகரத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஹெல்மெட்டின் அடிப்பக்கமும் தாடைப் பட்டைக்குக் கீழே உள்ள பகுதியும் காதுக்கு வருகிற இரைச்சலுக்கு முக்கியமான ஊற்று என்று கண்டார்கள். யோசித்துப் பாருங்கள். சராசரி உயரமுள்ள ஆளுக்கு என் 2,800 ரூபாய் ஷீல்டு காற்றை நெற்றிக்கு மேல் அனுப்பியிருக்கும். எனக்கு அதே காற்றைக் குறி பார்த்துத் தாடைக்குக் கீழே ஊற்றியது. காசு கொடுத்து ஒரு புனல் வாங்கி மாட்டியிருக்கிறேன்!

"சரிப்பா, அப்ப இன்னும் பெருசா, தலைக்கு மேலயே போற மாதிரி வாங்கேன்" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெளிநாட்டில் பெரிய டூரிங் வண்டிகளில் அப்படித்தான் இருக்கிறது. பிஎம்டபிள்யூ 1976-லேயே ஆர்100ஆர்எஸ் என்ற வண்டிக்குக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து முழு முகப்பு செய்தது. பிறகு பட்டனை அழுத்தினால் ஏறி இறங்குகிற ஷீல்டுகளும் வந்துவிட்டன. ஆனால் அவை கால் டன் எடையுள்ள வண்டிகள், ஷீல்டும் வண்டியும் சேர்த்தே வடிவமைக்கப்பட்டவை. நம்ம 160 கிலோ வண்டியில் அதே உயரத்துக்குக் கடையில் வாங்கி முடுக்குவது வேறு கதை. மூன்று காரணம் சொல்கிறேன்.

முதல் காரணம், கயத்தாறு. கோவில்பட்டி தாண்டினதும் ரெண்டு பக்கமும் காற்றாலைகள் நிற்கிறதே, சும்மாவா நட்டிருக்கிறார்கள்? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அன்றைக்கு என் ஷீல்டு பாய்மரமாக மாறியது. பக்கவாட்டில் ஒரு வீச்சு வந்தால் வண்டி வெள்ளைக் கோட்டை நோக்கி நகரும். ஒரு லாரியைத் தாண்டும்போது லாரி மறைப்பில் காற்று நின்று, தாண்டினதும் சடாரென்று அடித்தது. அந்த ஒரு நொடியில் என்னென்ன வேண்டுதல் வைத்தேன் என்று இங்கே எழுத முடியாது. ஷீல்டு ஹெட்லைட்டோடும் ஹேண்டில்பாரோடும் சேர்ந்து திரும்புகிற வகை என்றால் இன்னும் மோசம். காற்று நேராக உங்கள் ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பும். உயரம் கூடக் கூட நெம்புகோலும் நீளும். பல்லடம், உடுமலை, ஆரல்வாய்மொழி பக்கம் ஓட்டுபவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது, பார்வை. காற்று தலைக்கு மேல் போக வேண்டும் என்றால் ஷீல்டின் விளிம்பு ஏறக்குறைய மூக்கு மட்டத்துக்கு வர வேண்டும். அதற்கும் மேலே போனால் ஷீல்டு வழியாகத்தான் ரோட்டைப் பார்க்க வேண்டும். காருக்கு வைப்பர் இருக்கிறது, நமக்கு இல்லை. மழையில், பூச்சி ஒட்டியிருக்கையில், எதிரே பஸ் ஹைபீம் போட்டு வருகையில், கீறல் விழுந்த பிளாஸ்டிக் வழியாகப் பார்ப்பது என்றால் என்ன என்று ஒரு தடவை பார்த்தவனுக்குத் தெரியும். ஷீல்டுக்கு மேலாகப் பார்க்க வேண்டும், ஊடாகப் பார்க்கக் கூடாது. இது மட்டும் கல்வெட்டு.

மூன்றாவது, வெயில். பங்குனி, சித்திரையில் திண்டுக்கல் சிக்னலில் இருந்து கிளம்பினவனுக்குக் காற்றே வராமல் மறைத்தால் அவன் வேகிற இட்லி.

இப்போது எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். "அப்ப ஷீல்டே வேண்டாமா?" வேண்டும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. 60 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 17 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 90 கி.மீ. என்றால் சுமார் 38 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கு, அழுத்தம் ரெண்டேகால் மடங்கு. நம்ம நெஞ்சு ஒரு சதுர மீட்டர் இல்லை, அதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தாலும் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் ஏழு மணி நேரம் நெஞ்சைத் தள்ளுகிறது. அதைத் தாங்க ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிறோம். அதனால்தான் தோளும் மணிக்கட்டும் வலிக்கிறது. உயரமான ஆளுக்கு நெஞ்சும் பெரிசு, வலியும் பெரிசு. ஊட்டிக் குளிரில் சொல்லவே வேண்டாம். ஆகவே நெஞ்சை மறைக்க ஷீல்டு வேண்டும். நான் சொல்வது அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான்.

சரி, காசு போடும் முன் எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாமே ஓசி சோதனைகள்தான்.

ஒன்று. நின்றால் எவ்வளவு உயரம் என்பதை மறந்துவிடுங்கள், உட்கார்ந்தால் எவ்வளவு என்று அளங்கள். ஸ்டூலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, தலையில் ஒரு நோட்டை வைத்துக் கோடு போட்டு, ஸ்டூல் மட்டத்தில் இருந்து அளக்க வேண்டும். நான் 99 சென்டிமீட்டர். என் வகுப்புத் தோழன் ஒருவன், நின்றால் என் உயரமேதான், உட்கார்ந்தால் 94. அவனுக்குக் கால் நீளம், எனக்கு முதுகு நீளம். என் வண்டியை அவனிடம் கொடுத்தேன். 'நல்லாத்தானே இருக்கு மச்சி, என்ன பிரச்சனை?' என்று கேட்டான். ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம், அவனுக்கு வீணை, எனக்கு வெடி. "நானும் ஆறடிக்கு மேல, எனக்கு இந்த ஷீல்டு சூப்பர்" என்று எவராவது சொன்னால் நம்பி வாங்காமல் இருப்பதற்கு இது ஒன்றே போதும்.

இரண்டு. துடைப்பக் குச்சி சோதனை. வண்டியில் வழக்கமாக உட்காருகிற மாதிரி உட்காருங்கள். ஒரு நண்பனை விட்டு, நீளமான குச்சியை ஷீல்டின் சரிவோடு ஒட்டிவைத்து உங்களை நோக்கி நீட்டச் சொல்லுங்கள். குச்சி காட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் ஓடும்போது காற்று வந்து மோதும். நுனி தாடைப் பக்கமோ முகத்துக்கு நேராகவோ வந்தால் அந்த ஷீல்டு உங்களுக்கு ஆகாது. துல்லியமான அளவு இல்லை, ஆனால் கடை வாசலிலேயே செய்து பார்க்கலாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

மூன்று. நேரான, காலியான ரோட்டில் 60-70 வேகத்தில் போகும்போது, சீட்டில் இருந்து ஒரு நாலு விரற்கடை எழும்பிப் பாருங்கள். எழும்பினதும் சத்தம் குறைந்தால் உங்கள் தலை கலங்கலில் இருக்கிறது, குட்டை ஷீல்டு வேண்டும். தலையைக் குனிந்ததும் ஒரேயடியாக அமைதியானால் கலங்கலின் மேல் விளிம்பில் இருக்கிறீர்கள், இன்னும் சற்று உயர்த்தினால் போதும். (போக்குவரத்து உள்ள ரோட்டில் சர்க்கஸ் காட்டிவிட்டு என் பெயரைச் சொல்ல வேண்டாம்.)

நான்கு, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஷீல்டைக் கழட்டிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். நாலு போல்ட், ஒரு ஆலன் கீ, பத்து நிமிஷம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் எந்தத் திட்டத்தையும் 'ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்' என்பதோடுதான் ஒப்பிடுவோம். நான் 3,700 செலவழித்த பிறகும் அதைச் செய்யவில்லை. காசு போட்டாச்சே, கழட்டுவதா என்ற எண்ணம்தான். மூழ்கிய செலவு என்று பத்து மார்க் கேள்வி எழுதி எட்டு மார்க் வாங்கியவன் நான்!

கொடை முடிந்து திரும்பும் அன்றைக்குத்தான் அந்தக் கொய்ங் பயத்தில் எல்லாவற்றையும் கழட்டினேன். கண்ணாடியை ஒரு வேட்டியில் சுற்றி முதுகுப் பையில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். நெஞ்சில் காற்று அறைந்தது, உண்மை. ஆனால் ஹெல்மெட்? உலுக்கலே இல்லை. அதே ஹெல்மெட், அதே வேகம். சீரான 'ஸ்ஸ்ஸ்' மட்டும். கயத்தாறில் வண்டி நேராகப் போனது. மதுரை வந்தபோது டீக்கடைக்காரர் மெதுவாகப் பேசினதும் கேட்டது.

இப்போது தாத்தாவிடம் வருகிறேன். ஏனென்றால் இந்தப் பதிவை எழுதக் காரணம் 3,700 ரூபாய் இல்லை.

சுமார் 65 கி.மீ. வேகத்துக்கு மேல் ஹெல்மெட்டுக்குள் இன்ஜின் சத்தத்தைவிடக் காற்றுச் சத்தம்தான் அதிகம். 100 கி.மீ.யை நெருங்கும்போது அது 95 முதல் 100 டெசிபல் வரை வந்துவிடும். பழைய தறிக்கூடத்துக்குள் இருந்த இரைச்சலும் ஏறக்குறைய அதே அளவுதான். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்கிறது. அதற்கு மேல் மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் நாலு மணி நேரம், 91 என்றால் ரெண்டு, 94 என்றால் ஒன்று, 97 என்றால் அரை மணி. 100 டெசிபல் என்றால் பதினைந்து நிமிஷம். நான் ஓட்டியது ஏழு மணி நேரம்.

உள் காதில் ஒலியை உணர்கிற மயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. பிறக்கும்போது வந்ததுதான், செத்தால் மறுபடி முளைக்காது. முதலில் போவது கீச்சென்ற உயர் ஒலிகள். அதனால் ஆரம்பத்தில் தெரியாது. பேச்சு கேட்கும், ஆனால் என்ன வார்த்தை என்று புரியாது. தாத்தாவுக்கு அப்படித்தான் ஆரம்பித்ததாம். "மொதல்ல பொம்பளைய பேசுறதுதான் வெளங்கல. உங்க ஆச்சி முணுமுணுக்கான்னு திட்டுவேன். அவ நல்லாத்தான் பேசியிருக்கா" என்று ஒரு நாள் சொன்னார். ஆச்சி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

மில்லில் யாரும் அவருக்குக் காதடைப்பான் கொடுக்கவில்லை. கழிவுப் பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை, நாலு பிள்ளைகள். எனக்கு என்ன கட்டாயம்? வண்டி 'லுக்கா' இருக்க வேண்டும் என்று ஒரு கண்ணாடி மாட்டி, அதே நோயை இருபத்தோரு வயசில் பொழுதுபோக்காக வாங்கிக்கொள்கிறேன்.

ஆகவே எந்த ஷீல்டு போட்டாலும், போடாவிட்டாலும், நெடுந்தூரம் போனால் காதில் பஞ்சுமாதிரி அமுங்குகிற நுரை இயர் பிளக் போடுங்கள். மருந்துக்கடையில், ஹார்டுவேர் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். விரலால் உருட்டி மெலிசாக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, விரிகிற வரை அமுக்க வேண்டும். "ஹாரன் கேட்காதே?" என்று கேட்பார்கள். நம்ம ஊர் பஸ் ஹாரன் கல்லறையில் இருப்பவனுக்கும் கேட்கும், கவலை வேண்டாம். காற்று இரைச்சல் அடங்குவதால் ஹாரன் தனியாக, தெளிவாகக் கேட்கிறது. இயர்போன் வேறு, இது வேறு. பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டுவதை நான் சொல்லவில்லை.

ஷீல்டு வாங்கியே ஆக வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக நாலு வரி. உயரமும் சாய்வும் மாற்ற முடிகிற தாங்கி உள்ளதாகப் பாருங்கள், நிலையாக நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். அடியில் காற்று நுழைய இடைவெளி இருந்தால் அந்த அழுத்தப் பள்ளம் குறையும், கலங்கலும் குறையும். பாலிகார்பனேட் எளிதில் உடையாது, ஆனால் மேல்பூச்சு இல்லாவிட்டால் கீறல் விழும், பெட்ரோல் பட்டால் மங்கி வெடிப்பு விடும். அக்ரிலிக் பளிச்சென்று இருக்கும், விழுந்தால் சில்லுச் சில்லாக உடையும். எதுவானாலும் காய்ந்த துணியால் தேய்க்காமல், ஈரத் துணியைப் போர்த்திப் பூச்சியை ஊறவைத்துத் துடைக்க வேண்டும். ஹெட்லைட், இண்டிகேட்டர் மறையக் கூடாது.

கடைக்காரர்களிடமும் தயாரிப்பவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. சட்டை வாங்கப் போனால் 38, 40, 42 என்று அளவு கேட்கிறார்கள், போட்டுப் பார்க்க அறை தருகிறார்கள். 2,800 ரூபாய் ஷீல்டுக்கு 'சின்னது, பெருசு' என்று ரெண்டு அளவுதான், போட்டுப் பார்க்க வழியே இல்லை. சீட்டில் இருந்து ஷீல்டின் விளிம்பு எவ்வளவு உயரம், எந்த உட்கார்ந்த உயரத்துக்கு இது ஒத்துவரும் என்று பெட்டியில் ஒரு வரி அச்சிட என்ன செலவாகும்? ஒரு நாள் ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் பாதிப் பேர் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று பயமா? அந்தப் பயமே பதில் சொல்கிறதே.

என் ஷீல்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது அக்ரிலிக். காந்திபுரத்தில் பெயர்ப்பலகை செய்கிற ஒரு கடைக்குப் போய், குச்சி வைத்து அளந்த கணக்குப்படி 12 சென்டிமீட்டர் வெட்டச் சொன்னேன். விளிம்பை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியும் கொடுத்தார். 150 ரூபாய். இப்போது காற்று தோளுக்குக் கீழே வருகிறது, தலை தெளிந்த காற்றில் இருக்கிறது. 3,700க்கு வாங்கியதை 150 செலவு செய்து சின்னதாக்கி நிம்மதி அடைந்தேன். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அக்கவுண்டன்சி சாரிடம் கேட்கத் தைரியம் இல்லை.

பொங்கலுக்கு மறுபடி ஊருக்குப் போனேன். அதே ரோடு, காதில் இயர் பிளக், வெட்டின ஷீல்டு. திண்ணையில் தாத்தா. வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டையும் காதில் இருந்ததையும் எடுத்தேன்.

"சாப்ட்டியாலே?"

முதல் தடவையே கேட்டது. "இன்னும் இல்ல தாத்தா!" என்று சத்தமாகச் சொன்னேன். அவர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, "என்னது?" என்றார். பக்கத்தில் போய் உட்கார்ந்து மறுபடி சொன்னேன்.

பி.கு: வெட்டின 12 சென்டிமீட்டர் துண்டு வீணாகவில்லை. விளிம்பு நேராக இருப்பதால் லெட்ஜரில் கோடு போட வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது உயரமான ஆட்கள் இருந்தால் உட்கார்ந்த உயரம் எவ்வளவு, எந்த மாதிரி ஷீல்டு, தலை ஆடுகிறதா இல்லையா என்று சொல்லுங்கள். நான் சொன்னது தப்பென்றாலும் சொல்லுங்கள், திட்டு வாங்குவது புதிதில்லை. ஆனால் துடைப்பக் குச்சி வைத்துப் பார்த்துவிட்டுத் திட்டவும்.